கோகோ தோப்பில் சருகைக் கொளுத்த வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2018 கஜா புயலில் தப்பிய தென்னைகளுக்கு நடுவே எங்கள் கோகோ மரங்கள் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூக்கும். காய்தான் பிடிக்காது. உரம் போதவில்லையோ என்று நினைத்தேன். தேனீப் பெட்டி வைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

விஷயம் வேறு. கோகோவின் பிறப்பிடம் அமேசான் மழைக்காடு. அதன் மகரந்தப் பை இதழ் மடிப்புக்குள் ஒளிந்திருப்பதால் தேனீக்கு அங்கே இடம் போதாது. 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமுள்ள, கொசு மாதிரியான பூச்சிதான் உள்ளே புகுந்து மகரந்தம் சேர்க்கிறது. அது வராவிட்டால், விடியலில் விரிந்த பூ ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். அந்தப் பூச்சி பெருகுவது ஈரமான, மட்கிய சருகில். நானோ தோப்பைப் பெருக்கி, சருகைக் கொளுத்தி, ‘எவ்வளவு சுத்தம்!’ என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது சருகை அப்படியே விடுகிறேன். வாழைத் தார் வெட்டியதும் மரத்தைத் துண்டு போட்டு கோகோ அடியில் அழுக விடுகிறேன். பூக்கும் நேரத்தில் பூச்சிமருந்து கிடையாது. போன ஆண்டைவிடக் காய் கூடியிருக்கிறது. சரி, மழையும் காரணமாக இருக்கலாம். பக்கத்துத் தோப்புக்காரர்தான் ‘என்னப்பா, ஒரே குப்பையாக் கிடக்கு’ என்கிறார்.

உங்கள் விவசாயப் பக்கத்தில் உரமும் மருந்தும் அடிக்கடி வருகின்றன. ஒரு நாள் சருகைப் பற்றியும் எழுதுங்கள்.

– ஒரு தென்னை விவசாயி, பேராவூரணி