வெற்றிக் கணக்கில் வராத சாதனை

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் பாட் சம்மிட் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1,098 வெற்றிகள், 8 தேசியப் பட்டங்கள் எல்லாம் சரி. ஆனால் அவருடைய பெரிய சாதனை அதில் இல்லை. டென்னசி பல்கலைக்கழகத்தில் அவர் பயிற்றுவித்த 38 பருவங்களில், கல்லூரி அணியில் ஆட அனுமதிக்கப்பட்ட காலம் முழுவதையும் அங்கேயே முடித்த அத்தனை வீராங்கனைகளும் கல்விப் பட்டம் பெற்றார்கள். 1974-ல், 22 வயதில் பொறுப்பேற்றபோது அவருக்கு மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் சீருடையைத் துவைத்ததும் வேன் ஓட்டியதும் அவரேதான். அந்த நிலையிலிருந்து அணியை உச்சத்துக்குக் கொண்டுபோனவர், படிப்பை ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை.

வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும், மட்டம் போடக் கூடாது என்பது அவர் வைத்த விதி. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் நாக்ஸ்வில் நகரில் நான் படித்த காலத்தில் இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். முந்தைய இரவு வெளியூரில் ஆடிவிட்டுத் திரும்பிய பெண்கள், காலை வகுப்பில் முன்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார்கள். 2011-ல் அல்சைமர் நோய் கண்டறியப்பட்ட பிறகும் அவர் இன்னொரு பருவம் அணியோடு நின்றதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமே. கல்லூரிப் பயிற்சியாளர்களைப் பற்றி இனி எழுதும்போது, எத்தனை கோப்பை என்பதோடு, அவர்களிடம் ஆடியவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்பதையும் தவறாமல் வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகி ஒருவர், மதுரை