6/6 படிக்கிற பிள்ளைக்கும் ஒரு பிளஸ் கண்ணாடி

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தலைமையாசிரியரானதும் முதல் வேலையாகப் பிள்ளைகளின் கண்ணைப் பார்க்க நினைத்தாயே, அதில் எனக்கு இன்னும் கூடுதல் மகிழ்ச்சி.

கண் பரிசோதனை அட்டையில் கடைசி வரி வரை படிக்கிறவர்களை வகுப்புக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்டிருந்தாய். உடனே அனுப்பாதே. அந்த அட்டை கிட்டப்பார்வையைப் பிடிக்கும், தூரப்பார்வையை, அதாவது தெளிவாகப் பார்க்கக் கண் கூடுதலாகக் குவிய வேண்டிய, பிளஸ் கண்ணாடிக்கான குறையை, பெரும்பாலும் கோட்டைவிடும். பத்து வயதுப் பிள்ளை தன் கண் லென்ஸை 12 டயாப்டருக்கும் (லென்ஸ் பவரின் அளவு) மேல் குவிக்க முடியும். +3 குறை இருந்தால் அதில் மூன்றைச் செலவழித்து 6/6 வரியை (இயல்பான பார்வைக்கானது) படித்துவிடும். புத்தகத்தை 33 செ.மீ. தூரத்தில் பிடித்தால் இன்னும் மூன்று வேண்டும். பள்ளி நேரம் முழுக்க இந்த இழுவைதான். தலைவலி, வரி தவறுவது, பத்து நிமிடத்தில் புத்தகத்தை மூடிவிடுவது எல்லாம் அதிலிருந்து வரலாம். நாமோ ‘படிப்பில் கவனமில்லை’ என்று எழுதிவிடுகிறோம்.

இதைக் கண்டுபிடிக்க +2.00 கண்ணாடி ஒன்று போதும், சிறுவர் அளவு ஃபிரேமில். பெரியவர்களின் ஃபிரேம் மூக்கில் வழுக்கும், பிள்ளை மேல் விளிம்புக்கு மேலாகப் பார்த்துப் படித்துவிடும். பவர் சரிதானா என்று நீயே பார்க்கலாம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலிருந்து 50 செ.மீ. தள்ளி லென்ஸைப் பிடித்தால், வெளியே தூரத்து மரத்தின் தலைகீழ் பிம்பம் சுவரில் தெளிவாக விழ வேண்டும்.

முதலில் கண்ணாடி இல்லாமல், 6 மீட்டரில், ஒவ்வொரு கண்ணாக. 6/9 வரியைப் (6/6-ஐவிடச் சற்றுப் பெரிய எழுத்து) படிக்காதவர்கள் நேரே மருத்துவரிடம் போகட்டும். படித்தவர்களுக்குக் கண்ணாடியை மாட்டி, இரண்டு கண்ணாலும் தூரத்தையே ஒரு நிமிடம் பார்க்கச் சொல். பிறகு ஒரு கண்ணை மூடி அதே அளவு எழுத்து வரியைக் காட்டு. குறை இல்லாத கண்ணுக்கு மங்கிப் போகும், படிக்க வராது. தெளிவாகப் படித்தால்தான் சந்தேகம், ஏனென்றால் அந்தக் கண்ணின் குவிப்பு வேலையைக் கண்ணாடி செய்துவிடுகிறது; பெயரைக் குறித்துக்கொள். ஆசிரியர்கள் இங்கேதான் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள், முன்கூட்டியே சொல்லிவை.

தவறு நடக்கும் இடங்கள் சில. அதே அட்டையைத் திரும்பக் காட்டினால் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், வேறு அட்டை வை. கண்ணை இடுக்கிப் பார்க்க விடாதே. விரலால் மூடினால் இடுக்கு வழியே பார்ப்பார்கள், அழுத்தினால் அந்தக் கண் சிறிது நேரம் மங்கும். காகிதக் கோப்பை நல்லது. ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. இரண்டு கண்ணும் ஒரே அளவுதான் குவியும், குறை குறைந்த கண்ணுக்குத் தேவையான அளவுக்கு. இரண்டின் குறையும் வேறுபட்டால், மற்றக் கண்ணுக்குத் தெளிவான பிம்பமே கிடைக்காமல் அது சோம்பேறிக் கண்ணாகிவிடலாம் (பார்வை சரியாக வளராத கண்).

இறுக்கிப் பழகிய கண் அந்த ஒரு நிமிடத்தில் தளராமலும் போகலாம். ஆகவே மங்கலாகத் தெரிந்து இதில் தேறினாலும் தலைவலி, உள்நோக்கிய மாறுகண், அருகில் படிக்கத் திணறல் இருந்தால் அனுப்பிவிடு.

அனுப்பும்போது ‘சொட்டு மருந்து போட்டுப் பார்க்கவும்’ என்று எழுது. மருந்தில்லாமல் கணினிக் கருவியில் மட்டும் பார்த்தால், பிள்ளை கருவிக்குள்ளேயே கண்ணைக் குவிக்கும், பிளஸ் குறைந்து காட்டும், சில சமயம் மைனஸாகவே வரும். பிளஸ் வேண்டிய பிள்ளைக்கு மைனஸ் கண்ணாடி மாட்டுவது இருக்கிற சுமையின் மேல் இன்னொரு சுமை. பொதுவாக, கண்ணின் குவிப்பைத் தளர்த்தும் சைக்ளோபென்டோலேட் 1% மருந்து, ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு சொட்டு. அரை மணிக்கு மேல் காத்திருந்து பார்ப்பார்கள். அன்று முழுக்கப் புத்தகம் மங்கும், வெயில் கூசும். தேர்வுக்கு முந்தின நாள் வேண்டாம். மருந்து மருத்துவரின் வேலை, பள்ளியில் போடக் கூடாது.

சீட்டில் ‘தூரப்பார்வை’ என்று மட்டும் எழுதாதே; பெற்றோர் தூரம் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள், அல்லது வெள்ளெழுத்து என்று நினைப்பார்கள். ‘பிளஸ் சந்தேகம்’ என்று எழுது. எல்லோருக்கும் கண்ணாடி வராது. +1 அளவில் தொந்தரவும் மாறுகண்ணும் இல்லாவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

கண்ணாடி வந்த பிறகுதான் பெரிய சிக்கல். முதல் ஒன்றிரண்டு வாரம் தூரம் மங்கலாகத் தெரியும், ஏனென்றால் கண் இன்னும் பழைய இறுக்கத்தை விடவில்லை. “போட்டால்தான் மங்குது” என்று பிள்ளை சொல்ல, வீட்டில் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள். பெற்றோரைக் கூப்பிட்டு இதை முதலிலேயே சொல். கண் பெரிதாகத் தெரிவதால் கேலியும் வரும், வகுப்பாசிரியர் கவனிக்கட்டும்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்பை முதல் நாளே பார்த்துவிடு. சிறுவர் ஃபிரேம் இரண்டும், மூன்று ‘ஈ’ அட்டைகளும் (E எழுத்து நாலு பக்கமும் திரும்பியிருக்கும் அட்டை) இந்த வாரம் பார்சலில் வரும்.

அன்புடன்,
செல்வம்