பயிற்சியாளர் தேர்வு களத்தில் நடக்கட்டும்

ஆசிரியருக்கு,

தர்மபுரியில் எங்கள் கூடைப்பந்து அணிக்கு அடுத்த தலைமைப் பயிற்சியாளர் யார் என்று டீக்கடை வரை விவாதம் நடக்கிறது. மாநில அணிக்கு ஆடியவர் வேண்டும் என்கிறார்கள் சிலர், பாட்டியாலாவில் என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) பயிற்சியாளர் பட்டயம் முடித்தவர் வேண்டும் என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டும் தகுதிதான். ஆட்டம் கைநழுவுவதோ வேறு இடத்தில்.

எதிரணி 2-3 ஜோன் தடுப்பில் (முன்னே இருவர், கூடையருகே மூவர் என்று ஆளுக்கு ஆள் அல்லாமல் இடத்தைக் காப்பது) நின்றால் நம் பையன்கள் வெளிவட்டத்திலேயே பந்தைச் சுற்றவிட்டு, எறிய அனுமதித்த 24 விநாடி முடியும் நேரத்தில் அவசரமாக எறிகிறார்கள். கூடைக்கு எதிரே ஃப்ரீத்ரோ கோட்டருகே நிற்கும் நம் வீரர் கைக்குப் பந்து போனால், தடுப்பின் நடுவில் இருப்பவர் முன்னே வந்தாக வேண்டும். அவருக்குப் பின்னால் பேஸ்லைன் (கூடைப் பக்க எல்லைக்கோடு) ஓரம் திறந்துகொள்ளும். இதைத் தினமும் பழக்குபவர்தான் தேவை.

டைம்-அவுட்டும் (பயிற்சியாளர் கேட்கும் சிறு இடைவேளை) அப்படியே. இரண்டாம் பாதிக்கு மூன்றுதான். அவற்றை முன்னதாகவே தீர்த்துவிட்டால், கடைசி 2 நிமிடத்தில் டைம்-அவுட் எடுத்து எதிரணிப் பாதியிலிருந்து பந்தை உள்ளே வீசும் வாய்ப்பு போய்விடும்.

ஆகவே விண்ணப்பித்த ஒவ்வொருவரும் 90 நிமிடப் பயிற்சி நடத்தட்டும். அதில் கடைசி 20 நிமிடம் 5-க்கு 5 ஆட்டம். முக்கிய வீரர் நான்காவது ஃபவுல் வாங்கியதும் பயிற்சியாளர் யாரை இறக்குகிறார் என்று எல்லோரும் பார்க்கலாம். ஐந்தாவதில் அந்த வீரர் வெளியே போய்விடுவாரே! மழைக்கு முன்பே இதை நடத்த வேண்டும். சிமெண்ட் தளம் நனைந்தால் வழுக்கி, கணுக்கால் பிசகும்.

- கூடைப்பந்து ரசிகர்கள், தர்மபுரி