நைலோன் கிட்டாருக்கு ஸ்டீல் கம்பி போட்டு பிரிட்ஜ் (கம்பி கட்டுற மரத்துண்டு) கிளம்பினது பற்றி - மூண்டாவது தரம் எழுதுறன்

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு போடுற மூண்டாவது ஈமெயில். முதல் ரெண்டுக்கும் "உங்கள் முறைப்பாடு கிடைத்தது" எண்டு மெஷின் அனுப்பின பதில் மட்டும்தான் வந்தது. வட்ஸ்அப்பில ஃபோட்டோ எல்லாம் போட்டன், நீலக் கோடு விழுந்திருக்கு, பதில் இல்ல. இண்டைக்கு காலமை ஹொட்லைனில 25 நிமிஷம் பாட்டு கேட்டுக்கொண்டு நிண்டன், கடைசியா எடுத்த தம்பி "மேடம் எந்த கிட்டார், என்ன பிரச்சினை" எண்டு திருப்பி முதலிலயிருந்து கேக்கிறார். தமிழில, இங்கிலிஷில, எனக்கு தெரிஞ்ச சிங்களத்தில எண்டு மூண்டு பாஷையிலயும் சொல்லியாச்சு. இனி வாயால சொல்ல என்னால ஏலாது. எழுதித் தாறன், தயவு செய்து முழுக்க வாசியுங்க.

கிட்டார் உங்களிட்ட வாங்கினதுதான், காலி வீதி ஷோரூமில போன வருஷம் 68,500 ரூபாவுக்கு. உங்கட கடைப் பேர் அடிச்சு வாற அந்த கிளாசிக்கல் மொடல், கழுத்து அகலமா, தலையில ரெண்டு நீட்டு ஓட்டை வச்சு, பிரிட்ஜில கம்பியை முடிச்சுப் போட்டு கட்டுறது. எது எண்டு உங்களுக்கு தெரியும், நீங்கதானே விக்கிறீங்க. மகள் மூண்டு வருஷமா படிக்கிறா, ட்ரினிட்டி கிளாசிக்கல் கிரேட் 4 சோதினை எடுக்கப் போறா, இன்னும் 5 கிழமைதான் கிடக்கு.

எங்கட வீடு வெள்ளவத்தையில, ரயில் பாதைக்கு இஞ்சால. கடல் காத்துக்கு யன்னல் கம்பியே ஒரு வருஷத்தில துருப்பிடிக்கும். கிட்டாரில 4ம், 5ம், 6ம் கம்பி மூண்டும் நைலோன் நூலுக்கு மேல வெள்ளி பூசின செப்புக் கம்பி சுத்தினது, அது கறுத்து, சத்தமும் மங்கிப் போச்சு. படிப்பிக்கிற மிஸ் "ஒரு நோர்மல் டென்ஷன் நைலோன் செட் வாங்கி மாத்துங்கோ, ஹார்ட் டென்ஷன் இப்ப இவவின்ர விரலுக்கு வேண்டாம்" எண்டு தெளிவா சொன்னவ, டென்ஷன் எண்டா கம்பி இழுக்கிற இறுக்கம். மிஸ்ஸே மாத்தித் தந்திருப்பா. நான்தான், வித்த ஆக்கள் செய்தா பிழைக்காது எண்டு நம்பி உங்கட நுகேகொட சேவிஸ் சென்டருக்கு கொண்டு வந்தன்.

அங்க நிண்டவர் என்ன செய்தார் தெரியுமா. ஒரு கம்பியையும் தளர்த்தாம, கட்டரை எடுத்து இறுக்கத்தோடயே ஆறையும் டக் டக் எண்டு வெட்டினார். பிள்ளை பயந்து என்ர கையைப் பிடிச்சவ. பிறகு "நைலோன் ஸ்டொக் இல்ல அன்ரி, இது போட்டா சவுண்ட் தூக்கும்" எண்டு ஒரு பக்கெட்டை உடைச்சார். நான் ரெண்டு தரம் கேட்டன், இது இந்த கிட்டாருக்கு சரியா தம்பி எண்டு. "கம்பி எண்டா எல்லாம் ஒண்டுதான், ஆறு கம்பிதானே" எண்டார். பக்கெட் இன்னும் என்னட்ட இருக்கு, பொஸ்பர் ப்ரொன்ஸ், லைட், 12-53 எண்டு அடிச்சிருக்கு, ப்ரொன்ஸ் சுத்தின ஸ்டீல் கம்பி, அந்த நம்பர் கம்பியின்ர தடிப்பு. கம்பிக்கு 3,900, கூலி 1,500, பில் இருக்கு.

லைட் எண்டு போட்டிருந்தா பாரமில்லாதது எண்டு நான் நினைச்சன். அது ஸ்டீல் கம்பிக்குள்ள லைட். மிஸ் பிறகு சொன்னா, அந்த செட்டை ஒழுங்கா டியூன் பண்ணினா ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல இழுக்குமாம், நைலோன் நோர்மல் செட் கிட்டத்தட்ட 40 கிலோதானாம். அந்தப் பலகை, உள்ள இருக்கிற மெல்லிய சட்டங்கள், பிரிட்ஜ் ஒட்டின பசை எல்லாம் அந்த 40க்கு கணக்குப் பாத்து செய்தது. ஸ்டீல் கிட்டாருக்கு கழுத்துக்குள்ள ஒரு இரும்புக் கோல் ஓடும், இந்த மொடலுக்கு அதுவும் இல்ல. இதெல்லாம் ஒரு கிட்டார் கடைக்கு நான் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கு எண்டது எனக்கு சரியான மனவருத்தம்.

ஒன்பதாம் நாள் ராத்திரி, நாங்க சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க அறைக்குள்ள பலகை வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். போய்ப் பாத்தா பிரிட்ஜ் பின்பக்கம் கிளம்பி, இடைக்குள்ள ஒரு தபால் அட்டை போகுது. முன்பலகை வயிறு மாதிரி பொம்மிப்போய் இருக்கு. மிஸ்ஸுக்கு ஃபோன் எடுத்தன், அவ சொல்லி உடன எல்லாக் கம்பியையும் தளர்த்தினன். மகள் ராவிரவா அழுதா. அதுக்கு முதல் அந்த ஒன்பது நாளும் விரல் நுனி வெட்டுது, கரகரக்குது எண்டு சொன்னவதான், நான்தான் புதுக் கம்பி பழகினா சரிவரும் எண்டு ஏசினன். நைலோன் முதல் கம்பி 0.7 மில்லிமீட்டர், நீங்க போட்டது 0.3 மில்லிமீட்டர், கழுத்து நுனியில கம்பி தங்குற நட்டில இருக்கிற வெட்டுக்குள்ள அது ஆடாம என்ன செய்யும்?

இனி உங்கட ஆக்களின்ர கதைக்கு வாறன். ஷோரூமுக்கு போனா சேவிஸ் சென்டர் எண்டினம், சேவிஸ் சென்டர் ஹொட்லைனுக்கு அடிக்கச் சொல்லுது, ஹொட்லைன் "ஹெட் ஒஃபிசுக்கு போர்வேர்ட் பண்ணியிருக்கு" எண்டுது. ஹொட்லைனில ஒரு மிஸ் "சனிக்கிழமை 10 மணிக்கு டெக்னீஷியன் நிப்பார், கட்டாயம் கொண்டு வாங்க" எண்டு சொன்னா. அந்த சனிக்கிழமை போயா, பௌர்ணமி லீவு நாள். நான் யோசிச்சு அதையும் கேட்டன், போயாதானே மிஸ், திறந்திருக்குமா எண்டு, "ஓம் மேடம் திறப்பம்" எண்டா. கிட்டாரை போர்வையால சுத்தி, மகளோட ஓட்டோ பிடிச்சு டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தையால பாமன்கடை போய் ஹைலெவல் வீதியால நுகேகொட போனா ஷட்டர் பூட்டிக் கிடக்கு. வாசலில ஒரு காவல்காரர் மட்டும். அவர் பாவம், அவர்தான் கதிரை தந்து தண்ணியும் தந்தார். மழையும் பிடிச்சுது. முக்கால் மணித்தியாலம் இருந்து ஹொட்லைனுக்கு அடிச்சா போயா எண்டதால ஹொட்லைனும் வேலை செய்யேல்ல. போக வர 2,000 ரூபா. என்ர லீவு நாளில ஒண்டு அப்பிடியே போச்சு, ஒருத்தர் ஒரு சொல்லு சொறி சொல்லேல்ல.

அதையும் நான் விட்டிருப்பன். ஆனா திங்கட்கிழமை ஒஃபிசில அரைநாள் லீவு போட்டு திருப்பிப் போகேக்க உங்கட சூப்பர்வைசர் நடந்துகொண்டது, அதை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன். கிட்டாரைத் தொட்டும் பாக்காம "நீங்க கூட இறுக்கியிருப்பீங்க" எண்டார். மகள் சுருதி காட்டுற டியூனர் கிளிப் போட்டுத்தான் டியூன் பண்ணுறவ. முதல் கம்பி நைலோன் எண்டாலும் ஸ்டீல் எண்டாலும் அதே ஈ (E) சுரம், அதே 329.6 ஹேர்ட்ஸ். அந்த சுருதிக்கு கொண்டு வரேக்கயே ஆறு கம்பியும் சேர்ந்து ஸ்டீல் ரெண்டு மடங்குக்கு கிட்ட இழுக்குது, கூட இறுக்க என்ன தேவை? அதைச் சொன்னா "அப்ப கடல் காத்துக்கு பசை விட்டிருக்கும்" எண்டார். ஒரு வருஷம் அதே கடல் காத்தில இருந்த கிட்டார், உங்கட கம்பி ஏறி ஒன்பது நாளில கிளம்பினது எப்பிடி எண்டு கேட்டன். அதுக்குத்தான் அந்த ஆள் "மேடம், யூடியூப் பாத்திட்டு வந்து எங்களுக்கு படிப்பிக்க வேண்டாம்" எண்டு, கவுண்டருக்கு மேல இருந்த கிட்டாரை ஒரு கையால என்ர பக்கம் தள்ளிவிட்டார். 13 வயசுப் பிள்ளை பக்கத்தில நிக்கிறா. வரிசையில நிண்ட ஆக்கள் எல்லாம் பாக்கினம். நான் 22 வருஷமா வேலை செய்யிறன், ஒருத்தரும் என்னை அப்பிடிக் கதைச்சதில்ல. பிள்ளை திரும்பி வரேக்க "அம்மா எனக்கு கிட்டார் வேண்டாம், விடுவம்" எண்டவ. அந்த வசனத்துக்கு நீங்க எவ்வளவு காசு போடுவீங்க எண்டு எனக்கு தெரியாது. என்ர கணக்கில எங்களுக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல நட்டம், மூண்டு வருஷப் படிப்பும் மண்ணாப் போச்சு.

இன்னொண்டு, வெட்டின பழைய கம்பிகளையும் அவர் குப்பையில போட்டிட்டார், நான் கேட்டும் தரேல்ல. ஸ்டீல் கம்பியின்ர குண்டு முனையை முடிச்சுப் போடுற ஓட்டைக்குள்ளால இழுத்ததால அந்த மரமும் அரஞ்சு போயிருக்கு, டியூனிங் உருளையில கம்பி பதிஞ்ச கீறல் நிக்குது. ஃபோட்டோவில வடிவா தெரியும், தயவு செய்து பெருசாக்கிப் பாருங்க.

உங்கட எல்லா ஆக்களையும் நான் குறை சொல்லேல்ல. கிட்டார் வாங்கேக்க ஷோரூமில நிண்ட அந்த வயசான ஐயா அவ்வளவு பொறுமையா ஒவ்வொண்டா வாசிச்சுக் காட்டித்தான் தந்தவர், "இதுக்கு நைலோன் மட்டும்தான் மகள்" எண்டு அண்டைக்கே பிள்ளைக்கு சொன்னவராம், அவ இப்பத்தான் எனக்கு சொல்றா. அவரைப் போல ஒராள் இந்த ஈமெயிலை வாசிச்சா போதும்.

நான் கேக்கிறது பெரிசில்ல. அதே மொடல் புதுசு ஒண்டு மாத்தித் தாங்க. இல்லாட்டி உங்கட செலவில, வெளியில நல்லாத் தெரிஞ்ச ஒராளிட்ட குடுத்து பிரிட்ஜைக் கழட்டி, பழைய பசையை சுரண்டி, ஒழுங்கா திருப்பி ஒட்டித் தாங்க, கிளம்பின இடத்தில சுப்பர் குளூ ஊத்தி அமத்துறதை நான் ஏற்கமாட்டன். அந்த 5,400 ரூபாவும் திருப்பி வேணும். திருத்தி முடியுமட்டும் பிள்ளைக்கு பழக ஒரு நைலோன் கிட்டார் இரவலா தாங்க, இப்ப மிஸ்ஸின்ர கிட்டாரைத்தான் கிழமைக்கு ரெண்டு நாள் வாங்கி வாசிக்கிறா, அது பெரிய சைஸ், கை எட்டுதில்ல. அந்த சூப்பர்வைசர் என்ர மகளிட்ட மன்னிப்பு கேக்க வேணும், என்னட்ட கேக்காட்டியும் பரவாயில்ல.

வாற வெள்ளிக்கிழமை பின்னேரம் 5 மணி வரைக்கும் பாப்பன். அதுக்குப் பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு போறன். அவையின்ர 1977 ஹொட்லைனுக்கு அடிச்சு விசாரிச்சாச்சு. 2003ம் ஆண்டு 9ம் இலக்க சட்டத்தின்படி மூண்டு மாசத்துக்குள்ள எழுத்தில குடுக்கவேணும், கம்பி மாத்தி ஒண்டரை மாசம்தான் ஆகுது, அதால காலம் கடத்தினா விட்டிட்டு போயிருவன் எண்டு நினைக்க வேண்டாம். பில், பக்கெட், ஃபோன் எடுத்த நேரங்கள், போயாவண்டு பூட்டின ஷட்டர் ஃபோட்டோ எல்லாம் ஃபைல் போட்டு வச்சிருக்கிறன். அவ்வளவு தூரம் போக எனக்கும் விருப்பமில்ல, தயவு செய்து போக வைக்காதீங்க.

கிட்டார் இப்ப கம்பி இல்லாம அலுமாரிக்கு மேல படுத்துக் கிடக்கு. இனி நான் நுகேகொட வரமாட்டன், நீங்கதான் ஆள் அனுப்பி எடுக்க வேணும். கிழமை நாளில எண்டா பின்னேரம் 6 மணிக்குப் பிறகு வீட்டில நிப்பன், ஞாயிறு முழுக்க நிப்பன். வாறவரிட்ட ஒரு நோர்மல் டென்ஷன் நைலோன் செட் குடுத்து விடுங்க, நான் பக்கெட்டை வாசிச்சுப் பாத்திட்டுத்தான் கிட்டாரைக் குடுப்பன்.

இப்படிக்கு,
உங்கட வாடிக்கையாளர், வெள்ளவத்தை