ராயபுரத்துத் தங்கச்சிக்கு: எழும்பூரில் எண்ணப் போகும் முன்

அன்புள்ள தங்கச்சிக்கு,

டியூஷன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எழும்பூர் மியூசியத்துக்குப் போய், பெண்கள் வரைந்த படம் எத்தனை என்று எண்ணப் போகிறாய் என்று கேள்விப்பட்டோம். செய். ஆனால் எண்ணுகிறவர் கொஞ்சம் அசந்தால் விடை எந்தப் பக்கமும் சாய்ந்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போ. ராயபுரத்தில் ரயில் ஏறி பீச்சில் மாறினால் எழும்பூர். எந்தெந்தக் கட்டடம் திறந்திருக்கிறது என்று டிக்கெட் கவுண்டரிலேயே கேட்டுவிடு. பிள்ளைகள் கையில் பேனா வேண்டாம், பென்சில் கொடு.

நோட்டில் இரண்டு கணக்கு வேண்டும்: வரைந்தவர் யார், வரையப்பட்டவர் யார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் (மெட்) மியூசியத்தில் கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெண் கலைஞர்கள் குழு 1989-இல் இப்படித்தான் எண்ணியது. நவீன ஓவியப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. நிர்வாண உருவங்களில் 85 சதவீதம் பெண்கள். முதல் எண் மட்டும் என்றால் ‘அந்தக் காலத்தில் பெண்கள் எங்கே வரைந்தார்கள்’ என்று சொல்லித் தப்பிக்கலாம். இரண்டாவது எண் பக்கத்தில் இருக்கும்போது முடியாது. ரவி வர்மா படங்களுக்கு முன்னால் நிற்கும்போது பிள்ளைகளுக்கு இது தானாகவே புரியும்.

பலர் சறுக்குகிற இடம் ‘தெரியவில்லை’. சோழர் செப்புத் திருமேனியிலும் பழைய தஞ்சாவூர்ப் படத்திலும் செய்தவர் பெயர் இருக்காது. அவற்றை ஆண் கணக்கில் சேர்க்காதே, மொத்தத்திலிருந்தே தள்ளிவிடு. நம் ஊர் இன்ஷியல் இன்னொரு வில்லங்கம். ‘எஸ். மணி’ ஆணா, பெண்ணா? கல்யாணத்துக்கு முன் அப்பா இன்ஷியல், பின் கணவர் இன்ஷியல் என்றால் ஒரே ஓவியர் இரண்டு பேராகிவிடுவார். சந்தேகமென்றால் ஆண், பெண் இரண்டிலும் போடாமல், ‘தெரியவில்லை’ என்று மூன்றாவது கட்டம் போட்டு அதில் எழுது. படங்களின் எண்ணிக்கை வேறு, ஓவியர்களின் எண்ணிக்கை வேறு. ஒருவரின் பத்துப் படம் பத்துப் பேர் ஆகாது.

லேபிளையும் முழுசாக நம்பாதே. பாரிஸின் லூவ்ர் மியூசியத்தில், டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்ததாக இருந்த ஒரு படத்தில் J, L என்ற எழுத்துகளைப் பின்னிய முத்திரையும் ஒரு சின்ன நட்சத்திரமும் இருந்தன. யூடித் லெய்ஸ்டர் என்ற பெண்ணின் கையெழுத்து அது என்று 1893-இல்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை அவருடைய வேலை இன்னொருவர் கணக்கில் கிடந்தது.

சுவரில் தொங்குவது ஒரு பகுதிதான். மீதி கிடங்கில். ஒரு படம் உள்ளே வந்ததும் நம்பர் போட்டு எழுதும் அக்சஷன் ரிஜிஸ்டரில்தான் விஷயம் இருக்கிறது: விலைக்கு வாங்கியதா, நன்கொடையா, எந்த ஆண்டு. நன்கொடைக்கு ‘யாரோ கொடுத்தார்கள்’ என்று சாக்குச் சொல்லலாம். காசு கொடுத்து வாங்கியதற்கு என்ன சாக்கு? அமெரிக்காவின் 26 மியூசியங்களில் 2008 முதல் 2018 வரை சேர்ந்த படைப்புகளில் பெண்களுடையவை 11 சதவீதம்தான்.

அந்த ரிஜிஸ்டருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடு. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு. ‘ஏன் பெண்கள் இல்லை?’ என்று கேட்காதே. காரணம் சொல்ல அவர் கடமைப்பட்டவர் இல்லை. ‘பெண்கள் எத்தனை பேர்?’ என்றாலும் ‘அப்படித் தொகுத்து வைக்கவில்லை’ என்றே பதில் வரலாம். ‘இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை வாங்கிய ஓவியங்களின் பதிவேட்டுப் பக்க நகல்’ என்று கேள். பக்கத்துக்கு 2 ரூபாய். பெயர்களை நீயே எண்ணிக்கொள். 30 நாளில் பதில் வராவிட்டால் அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

நாளை உன் பிள்ளைகளும் ‘தெரியவில்லை’ ஆகிவிடாமல் இருக்க, அவர்கள் படங்களுக்குப் பின்னாலும் இன்றே முழுப் பெயர், ஆண்டு, வண்ணம், உயரம், அகலம் எழுதவை. கேன்வாஸ் என்றால் துணியில் மார்க்கர் வேண்டாம், முன்பக்கம் ஊறிவிடும். மரச்சட்டத்தில் பென்சிலால் எழுதட்டும்.

அன்புடன்,
அக்காக்கள்