காலை 6 மணி எப்படி முந்தின இரவு 10 ஆனது? ஒரு திறந்த மடல்

அன்புள்ள பராமரிப்பாளர்களுக்கும் தமிழாக்கக் குழுவினருக்கும்,

வணக்கம். மலேசியாவின் பினாங்கிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் நாற்பதுக்கும் மேற்பட்ட தொண்டர்கள். தைப்பூசத்தின்போது ரதம் போகும் பாதையில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். யார் எந்த நேரத்தில் நிற்பது, யார் ஐஸ் கொண்டுவருவது, சிராப் பானம் கலக்குவது யார், குப்பைப் பைகள் யார் பொறுப்பு என்பதையெல்லாம் பிரித்துக்கொடுக்க இரண்டு ஆண்டுகளாக உங்கள் திறமூலச் செயலியைத்தான் (நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடியது) நம்பியிருக்கிறோம். செயலியின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. இதே கோளாறுகள் வேறு பல செயலிகளிலும் உண்டு.

பிழை அறிக்கைகளைத் தனித்தனியாக ஆங்கிலத்தில் எழுதிப் போட்டுவிட்டேன். ஆனால் சொல்ல வேண்டியதில் பாதி தமிழைப் பற்றியது. அதை ஆங்கிலத்தில் விளக்கப் போய் நானே குழம்பிவிட்டேன். உங்களில் தமிழ் தெரிந்தவர்கள் படித்து மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். இன்னொன்று: நீங்கள் யாரும் இதற்குச் சம்பளம் வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நாங்களும் பந்தலுக்குச் சம்பளம் வாங்குவதில்லை. ஆகவே ஒரு தொண்டர் இன்னொரு தொண்டரிடம் பேசுவதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற தைப்பூசத்துக்கு முதல் நாள், ரதம் புறப்படும் காலையில், 6 மணிக்குப் பந்தலில் ஆள் இருக்க வேண்டும் என்று செயலியில் போட்டிருந்தோம். அந்த நேரத்துக்கு நிற்கும் முறை அறுபத்தெட்டு வயது அக்கா ஒருவருக்கு. அவருக்குப் போன மின்னஞ்சலில் அதற்கும் முந்தின நாளின் தேதியும், இரவு 10:00 என்ற நேரமும் இருந்தன. அக்கா நேரம் தவறாதவர். இரவு பத்துக்கு ஒரு பிளாஸ்க் நிறையக் காப்பியோடு வந்து நின்றார். அங்கே கூடாரக் கம்பிகள்தான் கிடந்தன. எனக்குப் போன் செய்து, "தம்பி, நான்தான் தப்பாகப் படித்திருப்பேன்" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சரியாகத்தான் படித்திருந்தார்.

காரணத்தைத் தேடிப் பார்த்தேன். எங்கள் நேரம், உலகப் பொது நேரமான யூடிசியைவிட எட்டு மணி நேரம் முன்னால். செயலியைத் திறந்து பார்த்தால் காலை 6 என்று சரியாகவே காட்டுகிறது, ஏனென்றால் உலாவிக்குப் பயனர் எங்கே இருக்கிறார் என்று தெரியும். மின்னஞ்சலைத் தயாரிப்பது சர்வரில் பின்னால் ஓடும் ஒரு வேலை. அங்கே உலாவி கிடையாது. பயனரின் அமைப்புகளில் 'கோலாலம்பூர்' என்று நேர மண்டலம் தேர்ந்தெடுத்திருந்தும் அந்த வேலை அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சர்வரின் கடிகாரத்தை அப்படியே எழுதி அனுப்பிவிடுகிறது, அது யூடிசி என்றுகூடச் சொல்லாமல். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்று ஏழரை மணிக் கணக்கை விட்டு எட்டுக்கு மாறியது. அப்போது பறிபோன அரை மணி நேரத்தைப் பற்றி என் அப்பா இன்னும் பேசுவார். நீங்கள் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது எட்டு மணி நேரம்!

'தொந்தரவு வேண்டாம்' வசதியிலும் இதே கதைதான். இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்பு வேண்டாம் என்று எல்லாருக்கும் வைத்தோம். செயலி அதை யூடிசியில் எடுத்துக்கொண்டது. அதாவது இங்கே காலை 6 முதல் பிற்பகல் 3 வரை ஒரு சத்தமும் இல்லை. வேலை நடக்கும் நேரம் முழுக்க அமைதி, நள்ளிரவில் டிங் டிங். நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தினசரி அறிவிப்புத் தொகுப்பு மட்டும் யூடிசி நள்ளிரவில் கிளம்பி, எங்களுக்குச் சரியாகக் காலை 8 மணிக்குக் காப்பிக் கடையில் உட்காரும் நேரத்தில் வந்து சேர்கிறது. அதைத் தயவுசெய்து திருத்திவிடாதீர்கள்.

அடுத்தது மொழி. எங்கள் செயலாளர் மலாய் இடைமுகம் வைத்திருக்கிறார். அவர் ஒரு முறையை மாற்றினால் நாற்பது பேருக்கும் மலாயில் அறிவிப்பு போகிறது. நான் மாற்றினால் நாற்பது பேருக்கும் தமிழில். ரதத்தின் முன் தேங்காய் உடைக்க ஆண்டுதோறும் வரும் சீன நண்பர் ஒருவர் எங்களுக்கு ஐஸ் கட்டிகள் ஏற்பாடு செய்பவர். அவருக்கும் முழுத் தமிழில் ஒரு மின்னஞ்சல் போனது. அதைப் படம் பிடித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பி, "இது சாமி மந்திரமா?" என்று கேட்டார். எந்த மந்திரமும் இல்லை, "ஐஸ் பத்து மூட்டை" என்றுதான் இருந்தது.

பொத்தானை அழுத்தியவரின் மொழியில் வாசகத்தை ஒரே ஒரு முறை கட்டி எல்லாருக்கும் அனுப்புகிறீர்கள். பெறுபவர் யாரோ, அவருடைய மொழியையும் நேர மண்டலத்தையும் முதலில் எடுத்துக்கொண்டு, அப்புறம் வாசகத்தைக் கட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு முறை. இந்த மடலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் செயலிக்குள் நுழைவதே இல்லை. அவர்களுக்குச் செயலி என்றால் கைப்பேசியில் வந்து விழும் அந்த இரண்டு வரிதான்.

அந்த இரண்டு வரி தமிழில் எப்படி வருகிறது தெரியுமா? "செயலாளர் ஒப்படைத்தார் சிராப் கலக்குதல் க்கு நீங்கள்." ஆங்கிலத்தில் துண்டு துண்டாக வைத்து ஒட்டும் வாக்கியத்தைத் தமிழில் ஒட்டினால் இப்படித்தான் ஆகும். நமக்கு வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும். பெயர் எந்த எழுத்தில் முடிகிறது என்று தெரியாமல் 'ஐ'யையும் 'க்கு'வையும் ஒட்ட முடியாது. முழு வாக்கியத்தையும் ஒரே சரமாக, அதாவது வெட்டாத ஒரே தொடராகக் கொடுத்து, பெயரும் வேலையும் வந்து உட்காரும் நிரப்பு இடங்களை முன்பின் மாற்ற அனுமதியுங்கள். அப்புறம் எங்கள் பாடு. "உங்களுக்குப் புதிய வேலை: சிராப் கலக்குதல். ஒப்படைத்தவர்: செயலாளர்" என்று உருபே தேவைப்படாமல் எழுதிவிடலாம்.

சூழலும் வேண்டும். ஒரே சொல் ஆங்கிலத்தில் பெயராகவும் வினையாகவும் நிற்கும். சரத்தை மட்டும் தனியாகப் பார்க்கும் மொழிபெயர்ப்பாளருக்கு எது என்று எப்படித் தெரியும்? 'வாட்ச்' என்ற ஆங்கிலச் சொல், 'பின்தொடர்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கைக்கடிகாரம்' என்று வந்திருக்கிறது. அது சிரிப்பு. சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. ஒருவரின் அறிவிப்புகளை அடக்கிவைக்கும் பொத்தான், இயந்திர மொழிபெயர்ப்பில் 'ஊமை' ஆகி, ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் போய் உட்கார்ந்துவிட்டது. தன் பெயருக்கு அருகில் அந்தச் சொல்லைப் பார்த்த ஒரு தொண்டர் அன்றே விலகிக்கொண்டார். நான் வீட்டுக்குப் போய் விளக்க வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்புச் சரங்களை வைக்கும் கெட்டெக்ஸ்ட் கோப்பில் ஒவ்வொரு சரத்துக்கும் சூழல் குறிப்பு வைக்க இடம் இருக்கிறது. இந்தச் சொல் எங்கே வரும், யார் யாரிடம் சொல்வது என்று அங்கே ஒரு வரி எழுதினால் போதும்.

யார் யாரிடம் சொல்வது என்பதைத் தமிழாக்கக் குழுவிடம் தனியாகவே பேச வேண்டும். பொத்தானில் 'சேமி', 'நீக்கு' என்று இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அங்கே மனிதர்தான் இயந்திரத்துக்கு உத்தரவு போடுகிறார். அறிவிப்பில் நிலைமை தலைகீழ், இயந்திரம் மனிதரிடம் பேசுகிறது. "நாளை 6 மணிக்கு வா" என்று அந்த அக்காவின் கைப்பேசியில் எழுதினால், எழுதியது சர்வர் என்று அவர் நினைக்க மாட்டார், நான் என்றுதான் நினைப்பார். ஆகவே பொத்தானில் 'சேமி', அறிவிப்பில் 'வாருங்கள்' என்று பிரித்துக்கொள்ளலாம். "புதிய தொண்டர் சேர்ந்தான்" என்று வருவதையும் 'சேர்ந்தார்' ஆக்கிவிட்டால் ஆணா பெண்ணா என்ற சிக்கலும் தீர்ந்துவிடும்.

பெயர் விஷயத்தில் எங்கள் ஊருக்கே உரிய சங்கடம் ஒன்று. மலேசிய அடையாள அட்டையில் எங்கள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி என்று இருக்கும். இன்னாருடைய மகன், மகள் என்று பொருள். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. உங்கள் பதிவுப் படிவம் முதலில் அந்தச் சாய்கோட்டை ஏற்க மறுத்தது. அதை எடுத்துவிட்டுப் பதிந்தால், கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, மின்னஞ்சலில் அதைச் சொல்லியே வணக்கம் வைக்கிறது. அப்பா இறந்து பல ஆண்டுகள் ஆன ஒருவருக்கு ஒவ்வொரு நாளும் காலையில் அப்பா பெயருக்கு வணக்கம் வருகிறது. 'உங்களை எப்படி அழைக்க வேண்டும்?' என்று ஒரே ஒரு கட்டம் வையுங்கள். எதையும் பிரித்து ஊகிக்க வேண்டாம்.

எழுத்தை வெட்டுவதிலும் கவனம் வேண்டும். 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, கணினி எழுத்துகளுக்கான தரமான யூனிகோடில் ஏழு குறிகள். குறிகளை எண்ணி வெட்டினால் மெய்யெழுத்து புள்ளியை இழக்கிறது. 'கோ'வில் தொடங்கும் பெயருக்கு, முதல் எழுத்தைக் காட்டும் வட்டப் படத்தில் வெறும் 'க' நிற்கிறது. உலாவிகளிலேயே எழுத்து எல்லையைக் கண்டுபிடிக்கும் வசதி வந்துவிட்டது, அதைப் பயன்படுத்துங்கள். எண்களும் அப்படியே: நூறாயிரத்துக்கு மேல் போனால் 1,20,000 என்று காட்டுகிறது. இங்கே 120,000 என்றுதான் எழுதுவோம். ஒவ்வொரு மொழிக்கும் நாட்டுக்கும் உரிய எண், தேதி வழக்கங்களைத் தொகுத்த யூனிகோடின் சிஎல்டிஆர் தரவில் மலேசியத் தமிழுக்கென்று தனி அமைப்பு இருக்கிறது. அதை ஏற்றால் போதும், புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். சொற்களில் ஒன்றிரண்டு மாறும். வாட்ஸ்அப் எங்களுக்குப் புலனம், ஆன்லைன் இயங்கலை. தமிழ்நாட்டு நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் சொற்களை மாற்றச் சொல்லவில்லை, எங்களுக்கு ஒரு கிளை கேட்கிறோம்.

அப்புறம் அறிவிப்புகளின் அளவு. குறிப்பில் ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் நாற்பது கைப்பேசிகளும் அலறுகின்றன. ஒரு வாரத்தில் பாதிப் பேர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். மழையில் பந்தலை நாலு கடை தள்ளி மாற்றிய செய்தி அவர்களுக்குப் போகவே இல்லை. அவரவர் முறை மாறினால் உடனே, மற்றதெல்லாம் காலைத் தொகுப்பில் என்று இயல்பாகவே வைத்துவிடுங்கள். அறிவிப்பை நிறுத்த விரும்புபவருக்காக மின்னஞ்சலில் வரும் கடைசி வரி மட்டும் மொழிபெயர்ப்புக் கோப்பிலேயே இல்லை, நிரலுக்குள் ஆங்கிலத்தில் புதைந்து கிடக்கிறது. தமிழாக்கம் முடிந்ததாகப் பச்சைக் கோடு முழுசாக நீண்டிருந்தும் வெளியேறும் கதவில் மட்டும் தமிழ் இல்லை.

அனுமதி கேட்கும் நேரத்தையும் மாற்றுங்கள். பக்கம் திறந்த உடனே, எதற்கு என்று சொல்லாமல், அறிவிப்பு அனுப்பலாமா என்று உலாவி கேட்கிறது. பயந்துபோய் எல்லாரும் 'வேண்டாம்' அழுத்துகிறார்கள். ஒருமுறை மறுத்துவிட்டால் மறுபடி கேட்பது கடினம், அமைப்புகளுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். முதல் முறை ஒருவருக்கு வேலை ஒதுக்கப்படும்போது, "நேரம் மாறினால் தெரிவிக்கலாமா?" என்று தமிழில் கேட்டுவிட்டு, சரி என்றவருக்கு மட்டும் உலாவியின் கேள்வியைக் காட்டுங்கள். ஐபோன்காரர்களுக்கு, ஐஓஎஸ் 16.4க்குப் பிறகும், தளத்தை முகப்புத் திரையில் சேர்த்தால்தான் இந்த அறிவிப்பு வரும். அதையும் அந்த இடத்தில் சொல்லிவிடுங்கள்.

தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரில் நடந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற செயலி 2005இலேயே கைப்பேசிக்குத் தமிழ்க் குறுஞ்செய்தியைக் கொண்டுவந்தது. எழுத்துருவும் தட்டச்சும் பெரிய தடையாக இருந்த காலம் போய்விட்டது. இப்போது மிச்சம் இருப்பவை இந்த மாதிரி சின்னச் சின்ன வேலைகள்தான்.

வேலையில் எங்கள் பங்கு இது: அறிவிப்புச் சரங்களை முழுக்கத் திரும்ப எழுத நான்கு பேர் தயார். அதில் இருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள், சந்திப்பிழையை விடமாட்டார்கள். சோதனைக்கென்று ஒரு சர்வரும் போட்டு வைத்திருக்கிறோம். வெவ்வேறு மொழிகளில் பெறுநர்கள் இருக்கிறார்கள், ஐஸ் நண்பர் உட்பட. அந்த அக்காவிடமும் கேட்டேன், சோதித்துப் பார்க்கச் சம்மதித்துவிட்டார். ஆனால் மின்னஞ்சலில் எந்த நேரம் வந்தாலும், சரியான நேரத்தை நான் போன் செய்து சொல்ல வேண்டுமாம்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து ஒரு பந்தல் தொண்டர்