ஆள் எடுக்கும் அதிகாரிகளே, அந்த வாத்தைக் கொஞ்சம் கூப்பிடுங்கள்

கென்டக்கி மாநிலம் ஃபோர்ட் நாக்ஸில் இருக்கும் அமெரிக்கத் தரைப்படை ஆள்சேர்ப்புத் தலைமையகத்தாருக்கு,

வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் உங்கள் படையில் சேர மனுப் போடுகிறவன் இல்லை. நாடு வேறு, வயது தாண்டிவிட்டது, தொப்பையும் போட்டாயிற்று. கார்ட்டூன் பைத்தியம் என்ற ஒரே தகுதியில்தான் எழுதுகிறேன்.

2021இல் 'தி காலிங்' என்று ஐந்து அனிமேஷன் விளம்பரங்களை வெளியிட்டீர்கள். உங்கள் படையில் நிஜமாகவே வேலை பார்க்கும் ஐந்து பேரின் கதை. வரைந்தவர்கள் கைதேர்ந்தவர்கள், அதில் குறையில்லை. பிறந்தது, வளர்ந்தது, மனசுக்குள் ஒரு தவிப்பு, அப்புறம் சீருடை. பார்த்து முடிக்கும் வரை எனக்கு ஒரு இடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை. வரக் கூடாது என்றுதான் எடுத்திருக்கிறீர்கள் போல. அதுதான் என் புகார்.

உங்கள் தாத்தாக்கள் காலத்தில் இப்படி இல்லை. 1942 மே மாதம் டிஸ்னி நிறுவனம் டொனால்ட் டக் என்ற கார்ட்டூன் வாத்தைப் பட்டாளத்துக்கு அனுப்பியது. பேர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு போட்டு ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஊரே போர் வெறியில் இருக்கிறது. அந்த நேரத்தில் வந்த 'டொனால்ட் கெட்ஸ் டிராஃப்டெட்' படம் எதைக் கிண்டல் செய்கிறது தெரியுமா? உங்கள் இலாகாவைத்தான்! அழைப்பாணையைக் கையில் வைத்துக்கொண்டு டொனால்ட் துள்ளிக் குதித்துப் போகிறது. வழியெல்லாம் சுவரொட்டி. ராணுவம் என்றால் ஏதோ மாமியார் வீட்டு விருந்து என்கிற மாதிரி. விமானப்படை சுவரொட்டியில் அழகான பெண்களைப் பார்த்ததும் வாத்துக்குத் தலைகால் புரியவில்லை, விமானம்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறது.

உள்ளே போனால் உருட்டிப் புரட்டி ஒரு மருத்துவப் பரிசோதனை. அடுத்து சீருடை. இரண்டு டொனால்ட் நுழையலாம், அவ்வளவு பெரிசு. தண்ணீரை ஊற்றுகிறார்கள், துணி சுருங்கி உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. சரியாகிவிட்டதாம். பிறகு மைதானத்தில் சார்ஜென்ட் பீட் அசையாமல் நிற்கச் சொல்ல, வாத்து நிற்பது எறும்புப் புற்றின் மேல். கடைசியில் விமானமும் இல்லை, அழகிகளும் இல்லை. உருளைக்கிழங்கு மலை ஒன்றின் நடுவே உட்கார்ந்து தோல் உரிக்கிறது. உரித்த தோலையே எழுத்தாக வளைத்து 'ஃபூயி', அதாவது 'சே!' என்று தன் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறது. கதை எழுதிய இருவரில் ஒருவர் கார்ல் பார்க்ஸ், பின்னாளில் டொனால்ட் காமிக்ஸ்களுக்காகவே கொண்டாடப்பட்டவர்.

இதைப் பார்த்து யாரும் படைக்குப் போகாமல் நின்றதாகத் தெரியவில்லை. உடனே நீங்கள் கேட்பீர்கள்: "அப்போது கட்டாய ஆள்சேர்ப்பு இருந்தது ஐயா, சிரித்தாலும் அழுதாலும் போயே ஆக வேண்டும். 1973க்குப் பிறகு விருப்பப்பட்டு வருகிறவர்கள் மட்டும்தான். வருகிறவனைச் சிரிக்க வைத்து வாசலோடு திருப்பி அனுப்பச் சொல்கிறீர்களா?" நியாயமான கேள்வி. 2022இல் 60,000 பேர் வேண்டும் என்று கிளம்பி ஏறத்தாழ 15,000 பேர் குறைந்துபோனதும் எனக்குத் தெரியும். 2024இல் இலக்கை எட்டிவிட்டீர்கள் என்பதும் தெரியும்.

ஆனால் அன்று கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனவனிடம் உண்மையைச் சொன்னீர்கள், தானாக ஆசைப்பட்டு வருகிறவனிடம் மறைக்கிறீர்கள். இது எந்த ஊர் நியாயம்? கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை உள்ளவனுக்குத்தானே உருளைக்கிழங்கைப் பற்றி முதலில் தெரிய வேண்டும்?

எல்லாப் போர்க்காலக் கார்ட்டூனும் ஒரே ரகம் என்று நான் சொல்லவரவில்லை. 1943 முதல் 1945 வரை சிப்பாய்களுக்கு மட்டும் போட்டுக்காட்டிய 'பிரைவேட் ஸ்னாஃபு' படங்களில் அடி விழுவது ராணுவத்துக்கு இல்லை, ஸ்னாஃபு என்ற அசட்டுச் சிப்பாய்க்கு. ஒரு படத்தில், ரகசியம் என் வாயிலிருந்து வராது என்று மார்தட்டிவிட்டு வழிநெடுக உளறி, கப்பலோடு வெடித்து, கடைசியில் நரகத்தில் ஹிட்லர் எதிரே போய் விழுகிறான். சக் ஜோன்ஸ் இயக்கம், குழந்தைக் கதைகளால் டாக்டர் சூஸ் என்று பிறகு உலகம் அறிந்த தியோடர் கைசலின் எதுகை மோனை. பாடம் நடத்துகிற படம்தான், ஆனால் பாடம் நடத்துகிறது என்று தெரியாது.

1945 ஜனவரியில் வந்த 'டிராஃப்டீ டாஃபி' இன்னும் குறும்பு. செய்தித்தாளில் வெற்றிச் செய்தி படித்து தேசபக்தியில் ஆடிப் பாடுகிறது டாஃபி டக் என்ற இன்னொரு கார்ட்டூன் வாத்து. ஆள்சேர்ப்பு வாரியத்து ஆள் வீட்டுக்கு வருகிறார் என்று போன் வந்ததுதான் தாமதம், வீரம் எல்லாம் ஜன்னல் வழியாகப் போய்விடுகிறது. வீட்டு சோபாவில் உட்கார்ந்து போர் நடத்துகிற ஆட்கள் எந்த நாட்டில்தான் இல்லை? அந்தப் படம் அவர்களுக்கானது.

எனக்கு மிகப் பிடித்தவன் 'சேட் சாக்'. வரைந்த ஜார்ஜ் பேக்கர் டிஸ்னியில் வேலை பார்த்துவிட்டு 1941இல் படைக்கு அழைக்கப்பட்டவர். படையினரே நடத்திய 'யாங்க்' வார இதழில் 1942 முதல் வரைந்தார். வசனமே கிடையாது. தொளதொளச் சட்டையோடு ஒரு சிப்பாய், எதை ஒழுங்காகச் செய்தாலும் தலையில் குட்டு. அந்த இதழ் வெளியே நடந்ததா? இல்லை, உங்கள் செலவில் அச்சாகி உங்கள் முகாம்களிலேயே விற்றது. இதே போரில் பில் மால்டின் வரைந்த தாடிக்காரச் சிப்பாய்களைப் பார்த்து ஜெனரல் பேட்டனுக்கு ரத்தம் கொதித்தது. 1945இல் நேரில் கூப்பிட்டே திட்டினார். பேட்டனுக்கும் மேலே தலைமைத் தளபதியாக இருந்த ஐசன்ஹோவர் மால்டின் பக்கம் நின்றார். அதே ஆண்டு மால்டினுக்குப் புலிட்சர் பரிசு, வயது 23.

அந்தத் தைரியம் எங்கே போனது? 'தி காலிங்' வெளியானபோது யூடியூபில் கீழே கருத்து எழுதுகிறவர்களின் வாயையே அடைத்துவிட்டீர்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் அலுவலகத்துக்கு வந்து உட்காரும் பதினெட்டு வயதுப் பையனிடமும் பெண்ணிடமும் பேனாவை நீட்டும் முன் சில நிமிடம் அந்த வாத்தைக் காட்டுங்கள். சிரித்துவிட்டு அதற்குப் பிறகும் கையெழுத்துப் போடுகிறவர் தாராளமாகப் போடட்டும், அவர் நிஜமாகவே வர விரும்புகிறவர். டொனால்டுக்கு டிஸ்னியிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். அது சிரமம் என்றால் ஸ்னாஃபுவைப் போடுங்கள். உங்கள் அரசாங்கப் பணத்தில் எடுத்தது, காப்புரிமைத் தொல்லை இல்லை.

இப்படிக்கு,
படையில் சேராத, ஆனால் டொனால்ட் கட்சியில் எப்போதோ சேர்ந்துவிட்ட ஒருவன்